உக்கிய நிலைக்குப் பெயின்ட் பூசாதீர்கள்

(தோட்டக் கமிட்டி உறுப்பினர்களுக்கான பயிற்சி நாளில், ஓய்வுபெற்ற தோட்டத் தச்சுத் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை. பலரும் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். 35 வருஷம் தோட்டத்துப் பட்டறையில் உளி பிடித்த கை இது. சம்பளத்தைப் பற்றியும் காணியைப் பற்றியும் பேச என்னைவிட விபரம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது கதவும் கதவைத் தாங்கி நிற்கிற நிலையும்தான். அதைப் பற்றிப் பேசச் சொன்னதால் வந்தேன்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் மகளின் சடங்குக்கு வீட்டை வெள்ளையடித்தோம். அப்போது முன்கதவு நிலையின் இடது கால் அடியில் உக்கியிருந்தது. விரலை வைத்தால் தூளாகக் கொட்டியது. தச்சனான எனக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் சொந்தக்காரர்கள் வரப்போகிறார்கள், கையில் காசு இல்லை. உக்கலைச் சுரண்டிவிட்டு, அந்தக் குழியில் சீமெந்தைக் குழைத்து அடைத்து, மேலே பச்சைப் பெயின்ட் அடித்தேன். வந்தவர்கள் எல்லாம் வாசல் அழகாக இருக்கிறது என்றார்கள்.

மூன்றாவது மழைக்காலத்தில் ஒரு இரவு அம்மா வெளியே போக எழுந்து கதவை இழுத்தார். கீழ்ப் பிணைச்சல் மரத்தோடு பிய்ந்து வந்தது. மேல் பிணைச்சல் பாரம் தாங்கவில்லை. கதவு அம்மாவின் மேலேயே விழுந்தது. இடுப்பு எலும்பு முறிந்தது. நாற்பது வருஷம் கொழுந்து எடுத்த மனுஷி, அதற்குப் பிறகு இஸ்தோப்பைத் தாண்டி நடக்கவே இல்லை.

சங்கத்தில் போய்ச் சொன்னேன். அப்போதிருந்த தலைவர் கேட்ட முதல் கேள்வி, "நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தியா?" என்பதுதான். நான் எத்தனையோ தடவை வாயால் சொல்லியிருக்கிறேன். பிரட்டுக் களத்தில் சொன்னேன், ஒப்பீசில் சொன்னேன். கடிதம் என்று ஒன்று கிடையாது. "அப்படி ஒரு முறைப்பாடு எங்களுக்கு வரவில்லை" என்று நிர்வாகம் சொன்னது. எங்களிடம் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

ஆகவே நான் செய்த தவறு இரண்டு. உக்கலை மூடினேன், கேட்டதை எழுதி வைக்கவில்லை. இந்த இரண்டையும் நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

சோதித்துப் பாருங்கள்

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுங்கள். நிலைக்கால் இரண்டும் தரையைத் தொடுகிற இடத்தில் அதை அழுத்துங்கள். நல்ல மரம் நுனியை உள்ளே விடாது. கால் அங்குலம், அரை அங்குலம் என்று இறங்கினால் உள்ளே உக்கியிருக்கிறது. பெயின்ட் கொப்பளித்திருக்கும் இடம், மரம் கறுத்திருக்கும் இடம், தட்டினால் பொந்துச் சத்தம் கேட்கும் இடம், இவற்றையும் பாருங்கள். மரத்தின் மேல் மண் வரி ஓடியிருந்தால் அது கறையான். பிறகு பிணைச்சல் ஆணிகளைத் திருகிப் பாருங்கள். இறுகாமல் சும்மா சுற்றினால் மரம் ஆணியைப் பிடிக்கும் பலத்தை இழந்துவிட்டது.

உக்கல் அடியில் மட்டும் இருந்தால் முழு நிலையையும் கழற்றத் தேவையில்லை. உக்கல் முடிகிற இடத்துக்கு மேலே மூன்று அங்குலமாவது நல்ல மரம் வரும் வரை வெட்டிவிட்டு, புதுக் கட்டையை அரைக்கு அரை ஒட்டிப் பொருத்தி, போல்ட் இரண்டு போட்டு முறுக்கலாம். உக்கல் முழங்கால் உயரத்தைத் தாண்டியிருந்தால், அல்லது பிணைச்சல் இருக்கும் இடம் போயிருந்தால், நிலையை மாற்றத்தான் வேண்டும்.

தண்ணீரைத் தேடுங்கள்

மரம் தானாக உக்குவதில்லை. அதற்கு ஈரம் வேண்டும். பழைய நிலையை உக்க வைத்த ஈரத்தை நிறுத்தாமல் புது நிலை போட்டால், ஐந்து வருஷத்தில் அதுவும் உக்கும்.

நம் லயங்களில் தண்ணீர் மூன்று வழியாக வருகிறது. ஒன்று, கூரையில் பீலி இல்லை, அல்லது பீலி ஓட்டை. மழைத் தண்ணீர் இஸ்தோப்பு ஓரத்தில் விழுந்து தெறித்து நிலையின் அடியை நனைக்கிறது. இரண்டு, லயத்தைச் சுற்றியுள்ள கான் மண் மூடிக் கிடக்கிறது. மேட்டுப் பக்கத்துத் தண்ணீர் சுவருக்குள் ஊறி வருகிறது. மூன்று, நாமே செய்கிற வேலை. தரைக்குச் சீமெந்து போடும்போது நிலைக்காலைச் சுற்றி அப்பிவிடுகிறோம். மரத்தின் வெட்டுமுகம் சீமெந்துக் குழிக்குள் மாட்டிக்கொள்கிறது. இஸ்தோப்பைக் கழுவுகிற தண்ணீரெல்லாம் அந்தக் குழியில் இறங்கி, வெளியே போக வழியில்லாமல் நிற்கிறது. மரம் பக்கவாட்டில் குடிப்பதைவிட வெட்டுமுகத்தில்தான் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும்.

கான் வெட்டுவது நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத வேலை. தேயிலைக்குத் தண்ணீர் நிற்கக்கூடாது என்று மலை மலையாகக் கான் வெட்டியவர்கள் நாம். நம் வாசலுக்கும் ஒரு கான் வேண்டும். நிலையில் கை வைக்கும் முன், லயத்துக்காரர்கள் எல்லாரும் ஒரு நாள் சேர்ந்து கானைத் தோண்டித் தண்ணீருக்கு வழி விடுங்கள்.

எழுதிக் கேளுங்கள்

இந்த லயம் நம் பெயரில் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. கை மாறியதே தவிர நம் வீட்டு நிலை மாறவில்லை. உறுதி நம்மிடம் இல்லாத வீட்டின் கூரையையும் சுவரையும் நிலையையும் திருத்திக் கொடு என்று கேட்பது பிச்சை அல்ல. ஏழு பேர்ச்சஸில் புது வீடு கிடைத்தவர்களுக்கு நிலை சொந்தம், திருத்துவதும் அவர்கள் பொறுப்பு. ஆனால் லயக் காம்பராவில் இருப்பவர்கள் முதலில் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும்.

கடிதம் பெரிதாக இருக்கத் தேவையில்லை. திகதி, உங்கள் பெயர், லய இலக்கம், காம்பரா இலக்கம் போடுங்கள். எந்தக் கதவு, நிலையின் எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்துக்கு உக்கியிருக்கிறது என்று எழுதுங்கள். வீட்டில் வயதானவர்கள், கைக்குழந்தை, கர்ப்பிணிப் பெண் இருந்தால் அதையும் எழுதுங்கள். எந்தத் திகதிக்குள் திருத்தித் தர வேண்டும் என்று கேளுங்கள். போனில் படம் எடுத்து இணையுங்கள். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் கையெழுத்தும் திகதியும் வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு பிரதி சங்கத்துக்கு வர வேண்டும்.

தனியாக எழுதுவதைவிட லயமாகச் சேர்ந்து எழுதுவது நல்லது. ஒரு காம்பரா கேட்டால் அது ஒரு முறைப்பாடு. இருபது காம்பராவும் சோதித்து, பட்டியல் போட்டுக் கேட்டால் அது கோரிக்கை. அந்தப் பட்டியலைத் தயாரிப்பது இங்கே உட்கார்ந்திருக்கும் கமிட்டிக்காரர்களின் வேலை.

பதில் வரும் வரை கதவு காத்திருக்குமா? சில கதவுகள் காத்திருக்காது. அப்படியானால், "பாதுகாப்புக் கருதி நாங்களே திருத்துகிறோம், செலவைத் தரும்படி கேட்கிறோம்" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். ஹார்ட்வெயார் கடைப் பில், மரக்காலைப் பில், பாஸுக்குக் கொடுத்த கூலி எல்லாவற்றையும் ஒரு கடித உறையில் போட்டு வையுங்கள். நிர்வாகம் மரம் தந்தால், அது இலவசமா, சம்பளத்தில் கழிக்கப்படுமா என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த மாதச் சம்பளத் துண்டையும் பாருங்கள்.

மரம் எது?

தோட்டத்து நிழல்மரமான சவுக்கு கைக்கெட்டிய தூரத்தில் நிற்கிறது. எழுத்தில் அனுமதி இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள். காற்றில் விழுந்து கிடந்தாலும் அது தோட்டத்து மரம். நிலைக்கு ஒரு கட்டை எடுத்தவன் களவுக் கேஸில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மேலும், சவுக்கு பலகைக்கு ஆகுமே தவிர, ஈரம் படும் நிலைக்காலுக்கு நிலைக்காது.

பலா நல்ல மரம். வைரம் பாய்ந்த பலாவைக் கறையானும் எளிதில் தொடாது. ஆனால் பலாவை வெட்டவும், மரத்தை ஏற்றிக்கொண்டு போகவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆகவே மரக்காலையில் பில்லோடு வாங்குங்கள். டர்பன்டைன் என்று நாம் சொல்கிற யூகலிப்டஸ் மரமும் போடலாம். அது நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சையாகப் போட்டால் முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். எந்த மரமானாலும் நடுவிலுள்ள வைரப் பகுதியைக் கேளுங்கள். ஓரத்து வெள்ளைதான் முதலில் உக்கும். பழைய கட்டடம் உடைத்த நல்ல நிலை கிடைத்தால் அதுவும் போதும். கொங்கிரீட் நிலையும் கடைகளில் விற்கிறார்கள். அது உக்காது, கறையானும் தின்னாது. பாரம் அதிகம், தூக்கி நிறுத்த நாலு ஆள் வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன்

மழை குறைந்த நாளாகப் பாருங்கள். மேற்குப் பக்கத்துத் தோட்டங்களில் தைப்பொங்கல் முடிந்து பங்குனி வரைக்கும் நல்ல காலம். காலையிலேயே தொடங்குங்கள். இரவுக்குக் கதவு இருக்காது என்பதை மறக்காதீர்கள். பெண்களும் பிள்ளைகளும் அன்றிரவு எங்கே படுப்பார்கள், வாசலை எதைக் கொண்டு மறைப்பது என்று முதலிலேயே பேசி வையுங்கள். பக்கத்துக் காம்பராவில் இடம் கேட்பதில் வெட்கமில்லை.

கதவோரம் மின்சார வயர் ஓடுகிறதா என்று பாருங்கள். பல லயங்களில் நிலைமேலேயே வயரை ஆணியடித்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். மெயின் சுவிட்சை நிறுத்தாமல் அலவாங்கைத் தொடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. நிலையின் மேற்சட்டத்துக்கு மேலே உள்ள காரையைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். அங்கே தனியாக ஒரு கட்டையோ கல்லோ லின்டலோ இருந்து, இரண்டு பக்கமும் சுவருக்குள் போயிருந்தால், சுவரின் பாரத்தை அது தாங்குகிறது. நிலையைக் கழற்றலாம். அப்படி ஒன்றும் இல்லாமல் கல்லும் மண்ணும் நேரே மேற்சட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தால், சுவரைத் தாங்குவதே உங்கள் நிலைதான். அதை இழுத்தால் சுவர் தலையில் வரும். அனுபவமுள்ள மேசன் பாஸ் வந்து முட்டுக் கொடுக்காமல் அதில் கை வைக்கக்கூடாது.

கழற்றுவதும் நிறுத்துவதும்

கதவைக் கழற்றும்போது அடியில் ஆப்பு வைத்துத் தாங்கிக்கொண்டு, முதலில் கீழ்ப் பிணைச்சலையும் கடைசியில் மேல் பிணைச்சலையும் கழற்றுங்கள். ஒருவர் கதவைப் பிடித்திருக்க வேண்டும். பிறகு நிலைக்காலை நடுவில் வாளால் அறுத்து, அங்கிருந்து மெதுவாக நெம்புங்கள். சுத்தியலால் சுவரை அதிர வைக்காதீர்கள். பழைய லயச் சுவர் கல்லும் மண்சாந்தும். அதிர்ந்தால் உள்ளே இளகிவிடும். சுவருக்குள் போயிருக்கும் இரும்புப் பிடியை இழுக்காமல் அறுத்துவிடுங்கள்.

கழற்றிய பழைய மரத்தை அடுப்பில் வைக்காதீர்கள், அக்காமாரே. விறகுக்குத் தட்டுப்பாடு என்பது எனக்கும் தெரியும். ஆனால் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அந்தப் புகையும் சாம்பலும் பிள்ளைகளுக்கு விஷம்.

வாசலை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அகலமும், இரண்டு பக்கமும் உயரமும் அளந்து, சிறிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கதவையே மாட்டுவதானால் கதவையும் அளந்து, பக்கத்துக்கு எட்டில் ஒரு அங்குலம் இடைவெளி விடுங்கள். நிலையைக் கோத்தபின் அடியில் ஒரு பலகையைக் குறுக்கே ஆணியடியுங்கள். கால்கள் விரியாமல் இருக்கும். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவாக வந்தால் நிலை சதுரமாக இருக்கிறது.

சுவரைத் தொடும் பக்கத்துக்கும் காலின் வெட்டுமுகத்துக்கும் மரம் உக்காமல் இருக்கப் பூசும் மருந்தைக் கடையில் கேட்டு வாங்கி, இரண்டு தடவை பூசுங்கள். கையுறை போடுங்கள். கழிவு ஒயில் பூசுவது நம் பழக்கம். அது கைக்கும் நல்லதல்ல, அதன்மேல் பெயின்டும் ஒட்டாது.

நிலையின் கால்களைத் தரையில் புதைக்காதீர்கள். தரையைவிட ஓரிரு அங்குலம் உயரமாக, வெளிப்பக்கம் சாய்வாக, இறுகிய சீமெந்துக் கட்டு ஒன்று போட்டு அதன்மேல் நிறுத்துங்கள். தண்ணீர் ஓடிவிடும், காலில் தேங்காது. ஆப்பு வைத்து நிறுத்தி, நூலில் குண்டு கட்டி, முன்பக்கமும் பக்கவாட்டும் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். குண்டு இல்லாவிட்டால் ஒரு கல்லைக் கட்டினாலும் போதும். ஒவ்வொரு காலுக்கும் மேலே, நடுவே, கீழே என மூன்று இரும்புப் பிடி வேண்டும். ஒரு பங்கு சீமெந்துக்கு நாலு பங்கு மணல் சேர்த்து இடைவெளியை இறுக அடையுங்கள். நம் குளிரில் சீமெந்து மெதுவாகத்தான் இறுகும். மூன்று நாளாவது பொறுத்துக் கதவை மாட்டுங்கள். பிணைச்சல் இரண்டு போதாது, மூன்று போடுங்கள்.

கதவு சொல்லும் எச்சரிக்கை

கடைசியாக ஒன்று. கதவு இறுகினால் எப்போதும் மரத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். மழையில் மரம் ஊதி இறுகுவது வழக்கம். ஆனால் நேற்று வரை நன்றாக இருந்த கதவு திடீரென்று மாட்டிக்கொண்டு, நிலை சாய்ந்து, சுவரிலோ தரையிலோ புது வெடிப்பு வந்து, மேட்டில் மரமோ தூணோ சரிந்து நின்றால், அசைவது உங்கள் நிலை அல்ல, மலை. மண்சரிவுக்கு முன்னால் தெரியும் அடையாளங்கள் இவை. அப்போது சீவுளியைத் தேடாதீர்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117இல் சொல்லுங்கள், பக்கத்து லயத்துக்கும் சொல்லுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் போன லயங்களை நாம் மறந்துவிட முடியாது.

தோழர்களே, ஒரு நிலையை மாற்றினால் நம் வீட்டுப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சொந்தக் காணியும் சொந்த வீடும் கிடைக்கும் வரை அந்தப் போராட்டம் இருக்கிறது. அதுவரைக்கும் இந்தக் காம்பராக்களில்தான் நம் அம்மாமார் இரவில் எழுந்து கதவைத் திறக்கப் போகிறார்கள்.

என் அம்மா கடைசி வரை என்னைக் குறை சொல்லவில்லை. "பழைய கதவு, என்ன செய்ய" என்பார். நான் தச்சன், எனக்குத் தெரியும். கதவு பழையது என்பதால் விழவில்லை. உக்கல் இருந்ததைத் தெரிந்தே நான் மூடினேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு கமிட்டியும் தன் லயத்துப் பட்டியலைக் கொண்டு வாருங்கள். எத்தனை நிலை நல்லது, எத்தனை உக்கியது, எத்தனை கடிதம் கொடுத்தாகிவிட்டது என்று அதில் இருக்கட்டும். உளியோடு நானும் வருகிறேன். கற்றுக்கொள்ள விரும்பும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் என்னோடு வாருங்கள். முதல் நிலையைச் சேர்ந்து போடுவோம்.